பின்னச்சு, இடது பக்கம்

தினேஷ், நாளைக் காலை நீ உன் சொந்த ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு குவந்தானுக்குக் கிளம்புகிறாய். முகத்துக்கு நேரே பேச உட்கார்ந்தால் நமக்குள் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுத்தில் சொல்கிறேன். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா சிரிப்பாள். ஆகவே நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

உன்னை முதன்முதலாகப் பட்டறைக்குத் தூக்கி வந்தபோது உனக்கு நான்கு வயது. நான் ஒரு லோரிக்கு அடியில் படுத்திருந்தேன். நீ ஒரு பேரிங்கைப் பிரித்து, அதிலிருந்த உருளைகளை வரிசையாகத் தரையில் வைத்து ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாய். வெளியே வந்து பார்த்தவுடன் அடித்துவிட்டேன். அது தூக்கிப் போட வைத்திருந்த பழைய பேரிங் என்று பிறகுதான் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. இருபத்தொரு வருடம் கழித்து இப்போது சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன் நான் ஒரு முதலாளியின் லோரியில் உதவியாளாக இருந்தேன். ஒருநாள் கூட்டரசு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. ஓட்டுநர் சிரித்தார். “டேய், எவன் டயரோ நம்மள ஓவர்டேக் பண்ணுது பாருடா!” நானும் சிரித்தேன். அந்தச் சக்கரம் சாலையோரத்தில் கரும்புச் சாறு விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவின் வண்டிக்குள் புகுந்தது. அவர் அலறியபோதுதான் எங்கள் லோரி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை உணர்ந்தோம். அவருடைய ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்தச் சக்கரத்தை முந்தின வாரம் கழற்றி மாட்டியவன் நான். ஸ்பிண்டல் தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். முதலாளி ஏசுவார் என்று சொல்லவில்லை. புதுப் பேரிங் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சக்கரம்தான் சுற்றும், ஸ்பிண்டல் சுற்றாது. அச்சின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரும்பின்மேல்தான் பேரிங் உட்காருகிறது. இரும்பு தேய்ந்து மெலிந்திருந்தால் பேரிங் அதன்மேல் பிடியில்லாமல் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடு வந்தால் கிரீஸ் கருகும், அப்புறம் சக்கரம் தன் வழியில் போகும். ஆகவே அன்றிலிருந்து அளக்காமல் எந்தச் சக்கரத்தின் ஹப்பையும் நான் மூடியதில்லை. உன் ட்ரெய்லரின் மூன்று அச்சுக்கும் ஆறு முனைகள். ஆறையும் நானே அளந்தேன். நடு அச்சின் வலது முனை தேய்ந்திருந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தேன். மற்ற ஐந்தும் நல்லபடியாக இருக்கின்றன. பேரிங் பன்னிரண்டும் புதிது. எங்கே நிறுத்தினாலும் இறங்கி ஒவ்வொரு ஹப்பிலும் உன் புறங்கையை வைத்துப் பார். கையை எடுத்துக்கொள்ளத் தோன்றினால் அதற்கு மேல் ஓர் அடியும் ஓட்டாதே.

அண்ணா, இதுவரை அப்பா சொன்னது. அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், அவருடைய பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றியதைத் தவிர. இதற்குப் பிறகும் ஒரு பக்கம் சொன்னார், நீ கல்யாணம் செய்துகொள்வது பற்றி. அதை எடுத்துவிட்டேன். இனிமேல் எழுதுவது நான். அம்மா இரவு வேலைக்குப் போயிருக்கிறார். அப்பா உள்ளே படுத்திருக்கிறார். இப்போதுதான் குரல் கொடுத்தார்.

“பாப்பா, இன்னும் தூங்கலியா?”

“ஃபிசிக்ஸ்ப்பா.”

“படி, படி. என்ன மாதிரி ஸ்பேனர் புடிச்சிக்கிட்டு நிக்காத.”

பின்னச்சின் இடது முனை தேய்ந்திருக்கிறது, அண்ணா. அரை மில்லிமீட்டர். அப்பாவுக்கு அது தெரியாது. தவறாகப் படித்தவள் நான்.

முதலில் இருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு பட்டறையில் லோரி விட வந்த ஒரு தவுக்கே, பெரிய முதலாளி, நின்றுகொண்டிருந்தபோது நீ சொன்னாயே, “அப்பா, ஒங்களுக்குக் கண்ணு தெரியல லா. எதுக்கு அவர் முன்னால நடிக்கிறீங்க?” என்று. அப்பா ஹப் மூடியைத் தூக்கி எறிந்தார். அது உன்மேல் படாமல் கதவில் பட்டது. கதவில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. நீ அன்றைக்கே துணியை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் ரூம் பார்த்துப் போய்விட்டாய். நீ சொன்னது உண்மை. இப்போது அன்றைக்கு இருந்ததைவிட மோசம். சர்க்கரை அவர் கண்ணைக் கெடுத்துவிட்டது. எழுத்தெல்லாம் மழையில் நனைந்த மாதிரி தெரிகிறது என்கிறார். அவர் எழுத்து கோழி கிளறியது என்பதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

விரலில் உணர்வும் போய்விட்டது. போன வருடம் ஒரு லோரி ஓடி வந்த சூட்டோடு நின்றது. அப்பா வழக்கம்போல ஹப்பில் புறங்கையை வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் பேசிக்கொண்டே இருந்தார். பேசி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. நான் வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். “அப்பா, கை!” என்று இழுத்தேன். தோல் உரிந்து ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் கையைப் பார்த்துவிட்டு, “ஓ, சூடா இருக்குபோல” என்றார். ஓட்டுநர் சிரித்தார், அப்பா ஏதோ ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து. அம்மாவிடம் கேத்தல் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்று சொன்னோம். நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்ன முதல் பொய் அதுதான்.

அதன் பிறகு தினமும் நான் பள்ளி முடிந்து வந்து அப்பாவுக்குக் கண்ணாக இருந்தேன். அளக்கும் வேலை இருந்தால் நான் வரும்வரை ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தி வைப்பார். தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை அவர்தான் பிடிப்பார். அவர்தான் திருகுவார். காது நன்றாக இருக்கிறது. திருகு மூன்று முறை டிக் என்று சத்தம் போட்டதும் நிறுத்திவிடுவார். பிறகு அதை வெளிச்சத்தில் தூக்கிக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரியே நிற்பார். நான் பக்கத்தில் நின்று ஃபோனில் படம் எடுப்பேன். எடுத்துக்கொண்டே, “நாப்பத்தி ரெண்டாப்பா?” என்று கேட்பேன். “ம், எழுதிக்க” என்பார். யாரும் சந்தேகப்பட்டதில்லை. மகளுக்கு வேலை பழக்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, “போஸ், ஒங்க பொண்ணு சம்பளம் கேக்கப்போது” என்று கிண்டல் செய்வார்கள்.

எனக்கு மைக்ரோமீட்டர் முழுவதாகப் படிக்கத் தெரியாது, அண்ணா. அதுதான் விஷயம். அப்பா அப்படித்தான் பழக்கினார். “தண்டுல முன்னாடி இருக்கற நம்பர நீ பாக்க வேணாம். இந்த சைஸ் ஸ்பிண்டல் எல்லாம் எண்பத்தொம்பதரை மில்லிக்கு மேலதான் இருக்கும். சுத்துற மூடில எந்த நம்பர் வருதோ அத மட்டும் சொல்லு. நாப்பதுக்கு மேல இருந்தா நல்லது. கீழ வந்தா என்னைக் கூப்புடு.” அவருடைய இத்தனை வருடப் பழக்கத்தில் அது சரியாகத்தான் இருந்தது. எல்லாம் எண்பத்தொன்பதரைக்கு மேல்தான் இருந்தன. நடு அச்சு வலது பக்கத்தில் நான் “பன்னெண்டு” என்றேன். உடனே அப்பா, “இது போச்சு. வெட்டணும்” என்றார். வெட்டினார். அன்றைக்கு நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன் தெரியுமா? என் கண் பார்த்து, என் அண்ணனின் ட்ரெய்லரில் ஒரு கெட்ட முனை போனது என்று.

பின்னச்சு இடது பக்கம் “நாப்பத்தி ஒண்ணு” என்றேன். அப்பா “நல்லது” என்றார்.

அந்த முனையில் ஒரு நீல நிறம் இருந்தது. எண்ணெய் கொட்டிய தண்ணீரில் தெரியுமே, அந்த மாதிரி. அழகாக இருந்ததால் எனக்கு நினைவிருக்கிறது. “அப்பா, இங்க ஒரு மாதிரி நீலமா இருக்கு” என்று சொன்னேன். அப்பா விரலால் தடவிப் பார்த்தார். அந்த விரலில் என்ன தெரியும்? “பழைய கிரீஸ்மா. கெர்தாஸ் பாசிர் போட்டுத் தேய்” என்றார். அந்த உப்புத்தாளை எடுத்து நான்தான் தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்து நிறம் போகும்வரை தேய்த்தேன். சூட்டில் வரும் நிறம் அது என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை பள்ளியில் ஃபிசிக்ஸ் ஆய்வுக்கூடத்தில் டீச்சர் சின்ன மைக்ரோமீட்டர்களைக் கொடுத்து ஒரு கம்பியை அளக்கச் சொன்னார். எனக்குத் தெரியும் என்று நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். டீச்சர் என் விடையைப் பார்த்துவிட்டு, அரைக் கோட்டைப் பார்த்தாயா என்று கேட்டார். எந்த அரைக் கோடு என்றேன். நேராக இருக்கும் தண்டில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு இருக்கிறது, அண்ணா. அந்தக் கோடு வெளியே தெரிந்தால்தான் அரையைக் கூட்ட வேண்டும். தெரியாவிட்டால் கூட்டக் கூடாது. மூடியில் உள்ள எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத்தான் காட்டும், அது இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். நாற்பத்தொன்று என்பது எண்பத்தொன்பது புள்ளி ஒன்பதாகவும் இருக்கலாம், எண்பத்தொன்பது புள்ளி நான்காகவும் இருக்கலாம். அந்தச் சின்னக் கோடு ஒன்றுதான் வித்தியாசம்.

பள்ளிக் கழிப்பறைக்குப் போய் ஃபோனைத் திறந்து ஆறு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்தில் கோடு இருக்கிறது. பின்னச்சு இடது பக்கத்தில் இல்லை. நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். வெளிச்சம் போதாமல் இருக்கும், கோடு மறைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே கோடு இல்லை. ஆக, அந்த ஸ்பிண்டல் நடு அச்சில் அப்பா வெட்டி எறிந்ததைவிட மெலிந்தது. அதன்மேல்தான் புதுப் பேரிங் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கிரீஸ் தடவி மூடியதும் நான்தான்.

புதன்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம். வேறு பதில் இல்லை. நீ இரண்டு வருடம் கழித்து ஜெஞ்சாரோமில் பழைய ட்ரெய்லர் வாங்கி, நேராகப் பட்டறை முன் கொண்டுவந்து நிறுத்தினாயே, அன்றைக்கு அப்பா கைலியை மாற்றாமலே ஓடிவந்தார். “அப்பா, அச்செல்லாம் பாத்துத் தாங்க. ஆனா ரீடிங் எல்லாம் எழுதித் தரணும்” என்றாய்.

“ஏன்டா, என் வாய் பத்தாதா?”

“ஒங்க வாய் பத்தும்ப்பா. ஊருக்கே பத்தும். கண்ணுதான்…”

அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். அம்மா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ரீடிங் தாளை நான்தான் எழுதினேன், ஆறு எண்கள், சிவப்புக் கோடு போட்டு. நீ அதைப் பார்த்துவிட்டு, “சரிதான்பா. நான்தான் அன்னைக்கு வாய விட்டுட்டேன்” என்று சொன்னாய். அப்பா உன் தோளைத் தட்டினார். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது. நீ அவரிடம் கேட்டுவிட்டாய். நான் எழுதிய தாளை நம்பித்தான் கேட்டாய்.

நேற்று தேநீர் கொடுக்கும்போது முயற்சி செய்தேன். “அப்பா, பின்னச்சு லெஃப்ட் சைட் இன்னொரு வாட்டி பாத்துரலாமா?”

“ஏன்? நீதான படிச்ச?”

“சும்மாதான்.”

“தாலி கட்டி முடிச்ச பொண்ணக் கழட்டிப் பாப்பியா? மூடியாச்சு, விடு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கோப்பையைத் தடவித் தரையில் வைத்தார். குரல் மாறிவிட்டது. “இப்பத் தொறந்தா ஏன்னு கேப்பான். கேட்டா எல்லாம் வெளிய வரும். அவன் மறுபடியும் போயிட்டா இந்தத் தடவ வரமாட்டான் பாப்பா.”

நான் பேசாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். முதலாளி ஏசுவார் என்று அப்பா பேசாமல் இருந்த மாதிரி. இன்று சாயங்காலம் அந்தக் கரும்புச் சாறு அக்காவின் கதையை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “முழங்காலுக்குக் கீழே” என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. “என்ன, எழுத்து வரலியா?” என்று கேட்டார். வருது என்றேன்.

அதனால்தான் முதலில் இப்படி நினைத்தேன். அப்பா கடைசித் தாளில் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். படித்துப் பார்க்க அவரால் முடியாது. இடையில் நான் எதை எழுதி வைத்தாலும் அவருக்குத் தெரியாது. அவரே தன் கையால் உன்னிடம் கொடுப்பார். நீ படித்து நின்றுவிடுவாய். நான் அவர் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு நேரம் அந்த எண்ணத்தில்தான் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் சாயங்காலம் அவர் உறையை ஒட்டச் சொன்னபோது என்ன சொன்னார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. “குவந்தான் போய்ச் சேந்ததும் பிரிச்சுப் படிக்கச் சொல்லணும். வண்டி ஓட்டும்போது மனசு கலங்கக் கூடாது.” நீ அவர் சொன்னால் கேட்பாய், இப்போது எல்லாவற்றையும் கேட்கிறாய். காராக் மலைச்சாலையில் இறங்கும்போது இந்தக் கடிதம் ஒட்டியபடியே உன் சட்டைப் பையில் இருக்கும். பின்னால் யாராவது மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருப்பார்கள்.

அதனால் கடிதம் போதாது. நான் சொல்ல வேண்டும்.

காலை ஏழு மணிக்கு முனீஸ்வரன் கோயில் முன்னால் பூசை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைக்கும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்திருக்கிறார். வழக்கமாக அவர்தான் வைப்பார். குனிந்தால் தலை சுற்றுகிறது என்று உன்னிடம் சொல்வார். சக்கரம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியாது, அதுதான் காரணம். பழங்களை எண்ணி ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். லோரியின் சக்கரங்களுக்கெல்லாம் வைப்பேன். ட்ரெய்லரில் ஐந்து இடத்தில் வைப்பேன்.

இந்தக் கடிதத்தை உறையில் வைக்கப்போவதில்லை. உறைக்குள் அப்பா சொன்னது மட்டும், கல்யாணப் பக்கத்தோடு சேர்த்து, வேறு தாளில் எழுதி இருக்கும். இது என் பள்ளிப் பையில் இருக்கும். வாயால் சொல்லி முடித்ததும் உன் கையில் கொடுப்பேன். உன்னை நிறுத்துவதற்காக அல்ல. அப்பாவை விட்டு நீ மறுபடி போய்விடாமல் இருக்க. ஃபோனில் உள்ள படத்தையும் காட்டுவேன். அவர் உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை, அண்ணா. ஆறு முனையும் நன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் உன்னை அனுப்புகிறார். தன் கண்ணைப் பற்றி மட்டும்தான் பொய் சொன்னார். அந்தப் பொய்க்கு நானும் ஒரு வருடம் துணை நின்றேன். கத்த வேண்டுமென்றால் என்னிடம் கத்து. சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார், நான் சொல்வது உனக்கே தெரியும். குவந்தான் சரக்கு வேறு யாருக்காவது போகும். போகட்டும். முனையை வெட்டி மாற்றும்போது நீ அளந்து, நீயே படி. அப்பா திருகட்டும். அவர் காது நன்றாக இருக்கிறது.

நான் சரியாகச் சொல்லாவிட்டாலும் நீ புரிந்துகொள். தேங்காய் உடைத்த பிறகு நீ வழக்கம்போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவாய். பின்னச்சு இடது சக்கரத்துக்கு வந்ததும், இங்கே ஏன் பழம் இல்லை என்று கேட்பாய். பழம் என் கையில் இருக்கும். அப்பா பக்கத்தில்தான் நிற்பார்.